இரண்டாவது கேமரா

ஸ்டூடியோக்காரரைக் கெட்டவர் என்று அந்தத் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிற குழந்தை அழுதால், அழுது ஓய்கிற வரை முகம் சுளிக்காமல் நிற்பார். முகத்தில் பருவோடு வருகிற பெண்ணுக்குக் கேட்காமலே பருவை அழித்துக் கொடுப்பார். கல்யாண வீடுகளில் கடைசி ஆள் மண்டபத்தை விட்டுக் கிளம்புகிற வரை கேமராவைத் தோளிலிருந்து இறக்க மாட்டார். உடம்பும் திடமானதுதான். அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி, அதன் பெயர் சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவர். மாமியார் வீட்டில் இவரைப் பெரியவர் என்றும் அவரைச் சின்னவர் என்றும் சொல்வார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், சின்னவரை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்ததே ஸ்டூடியோக்காரர்தான். சின்னவர் அப்போது இவரிடம் இரண்டாவது கேமரா பிடித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தில் முதல் கேமரா மேடையை எடுக்கும். இரண்டாவது கேமரா ஓரமாக நின்று வருகிறவர் போகிறவரை எடுக்கும். அடக்கமான பையன், குடி கிடையாது, பீடி கிடையாது என்று மாமனாரிடம் சிபாரிசு செய்தது இவர் வாய்தான். அந்த வாயை இப்போது நினைத்து நினைத்து நொந்துகொள்வார்.

கல்யாணமான கையோடு சின்னவர் தனிக்கடை போட்டார். வேறு ஊரா கிடைக்கவில்லை? அதே தெருவின் மறுகோடியில் போட்டார். அன்றைக்கு ஆரம்பித்த வயிற்றெரிச்சல். சின்னவர் கடையில் புது போர்டு மாட்டினால் இவருக்குத் தலை வலிக்கும். சின்னவர் மனைவி புதுச் செருப்பு போட்டு வந்தால், அது எந்தக் கல்யாண ஆர்டரில் வந்த செருப்பு என்று இவர் மனசுக்குள் கணக்குப் போடுவார். தன் கைப்பேசியிலிருந்து சின்னவர் நம்பரைத் துடைத்தெறிந்துவிட்டு, "அந்த ஆளு நம்பரே எங்கிட்ட இல்ல" என்று கேட்கிறவர் கேட்காதவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் தொற்று வந்தது, ஊரைப் பூட்டினார்கள். கல்யாணங்கள் நின்றன. ஸ்டூடியோக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து லென்ஸ் துடைத்தார். துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தார். மறுகோடியில் சின்னவர் என்ன செய்தார் தெரியுமா? பத்துப் பேர் மட்டும் கூடுகிற கல்யாணத்தை, வர முடியாத சொந்தக்காரர்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி போனில் நேரடியாக ஒளிபரப்பினார். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட அண்ணன்கள் அதைப் பார்த்து அழுதார்கள். அழுதவர்கள் நாலு பேரிடம் சொன்னார்கள். சின்னவரின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு லைக் குவிந்தது.

அந்த லைக்கை எண்ணுவதுதான் ஸ்டூடியோக்காரருக்கு அந்தக் காலத்தில் முழுநேர வேலை. காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் ஒரு தடவை, டீ குடித்த பிறகு ஒரு தடவை. அவர் சகலையின் பக்கத்தைப் பார்த்த அளவுக்குச் சின்னவரே பார்த்திருக்க மாட்டார்.

அவர் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டும் பார்க்காத மாதிரியும் இருந்தாள். ஒருநாள் மெல்ல ஆரம்பித்தாள்.

"என்னங்க, தங்கச்சி வீட்டுக்காரரு சொன்னாரு. காப்பி எடுத்து வைக்கிற டிஸ்க்க கம்ப்யூட்டர்லயே மாட்டி வைக்கக் கூடாதாம். காப்பி எடுத்ததும் கழட்டிடணுமாம். இப்ப எல்லாரும் வீட்டுல இருந்தே வேலை பாக்கறதால திருடனுங்களும் கம்ப்யூட்டர் வழியா வரானுங்களாம்."

அதைச் சின்னவர் சொல்லாமல் வேறு யார் சொல்லியிருந்தாலும் ஸ்டூடியோக்காரர் கேட்டிருப்பார். சகலை சொன்னால் சூரியன் கிழக்கே உதிப்பதையும் அவர் ஒருமுறை எழுந்து பார்த்துதான் ஒப்புக்கொள்வார். நேரே கடைக்குப் போனார். கறுப்பு டேப்பை எடுத்து, டிஸ்க்கின் ஒயரைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து நாலு சுற்று சுற்றி ஒட்டினார்.

"இப்ப கழட்டச் சொல்லு பாப்போம் உன் தங்கச்சி வீட்டுக்காரர" என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

அவர் இத்தனை வருஷமாக எடுத்த கல்யாணங்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தன. அதன் காப்பி அந்த டிஸ்க்கில் இருந்தது. அது போக மூன்றாவது இடம் என்று ஒன்று கிடையாது.

சில வாரம் கழித்து ஒரு மெயில் வந்தது. உங்கள் பகுதியின் சிறந்த கல்யாண போட்டோகிராபர்கள், இறுதிப் பட்டியல் தயார், இணைப்பைத் திறந்து பார்க்கவும் என்று இருந்தது. அனுப்பியவர் யார், என்ன சங்கம், எங்கே இருக்கிறது, எதையும் ஸ்டூடியோக்காரர் பார்க்கவில்லை. தன் பெயர் இருக்குமா என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. சின்னவர் பெயர் இருக்கிறதா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. இணைப்பைத் திறந்தார். கம்ப்யூட்டரில் இருந்த வைரஸ் காவல், இது ஆபத்து, திறக்காதே என்று தடுத்தது. அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சகலை பெயரைப் பார்க்க விடாமல் நீ யார் தடுக்க என்று, காவலை அணைத்துவிட்டு மறுபடி திறந்தார்.

பட்டியல் எதுவும் வரவில்லை. திரை ஒரு நிமிஷம் மூச்சுப் பிடித்த மாதிரி நின்றது. அதன் பிறகு ஒவ்வொரு கல்யாணக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்தில் ஒரு வால் முளைத்தது. வால் முளைத்த எதுவும் திறக்கவில்லை. டிஸ்க்குக்கும் வால் முளைத்துக்கொண்டே போவதைப் பார்த்துவிட்டு ஒயரைப் பிடுங்கப் போனார். டேப் பிய்ந்து வரவில்லை. நகத்தால் சுரண்டினார், பல்லால் கடித்தார். கடைசியில் டேப்போடு ஒயர் கையில் வந்தபோது டிஸ்க்கில் மிச்சம் எதுவும் இல்லை. உங்கள் கோப்புகள் எங்களிடம் பூட்டி இருக்கின்றன, பணம் கட்டினால் சாவி தருவோம் என்று சிவப்பு எழுத்தில் ஒரு பக்கம் மட்டும் திறந்து நின்றது.

வீட்டில் சொல்ல நாக்கு எழவில்லை. கூகுளில் தேடி, பூட்டிய கோப்புகளை மீட்டுத் தருகிறோம் என்றிருந்த ஒரு நம்பருக்குப் பேசினார். பேசியவன் குரலில் தேன் வழிந்தது. "சார், ஒண்ணும் கவலைப்படாதீங்க. நான் சொல்ற ஆப்ப போன்ல போடுங்க. இப்ப ஒரு நம்பர் வரும், அத மட்டும் படிச்சுச் சொல்லுங்க." ஸ்டூடியோக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தயாரானபோது பின்னாலிருந்து ஒரு கை போனைப் பிடுங்கி அணைத்தது. மனைவி. பேசியதையெல்லாம் கதவோரம் நின்று கேட்டிருந்தாள்.

"போன்ல வர்ற நம்பர எவனுக்கும் சொல்லாதீங்கன்னு பேங்க்காரன் தினம் மெசேஜ் போடறான். ஒருத்தன் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போனது பத்தலையா? மிச்சம் மீதிய இவனுக்கு அள்ளிக் குடுக்கறீங்களா?"

அப்போதுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார், பட்டியல் விஷயம் தவிர. எதற்காகத் திறந்தார் என்பதை மட்டும் மென்று முழுங்கிவிட்டார். மனைவி போலீஸுக்குப் புகார் எழுத வைத்தாள். பார்க்கிறோம் என்று பதில் வந்தது. பூட்டியவன் கேட்ட பணத்தைக் கட்டக் கூடாது, கட்டினாலும் சாவி வரும் என்று உறுதி இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது. கட்டுவதற்குக் கையில் எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

இதோடு போயிருந்தால் கதையே இல்லை. கல்யாணம் முடிந்து ஆல்பம் வாங்கிப் போனவர்கள் யார் திரும்பக் கேட்கப் போகிறார்கள் என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார். கேட்க ஒருத்தி இருந்தாள்.

தெருமுனை மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். அவள் கல்யாணத்தை எடுத்தது ஸ்டூடியோக்காரர். அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். தொற்று வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை, முகத்தைக்கூடக் காட்டவில்லை. ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுத்தவள் அப்பாவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. அவள் போனில் பேசினாள்.

"அங்கிள், எங்க அப்பாவுக்குப் போட்டோன்னாலே ஆகாது. வீட்டுல ஒரு படம்கூட உருப்படியா இல்ல. அவரு பேசின வீடியோ என் கல்யாணத்துல மட்டும்தான் இருக்கு. நீங்க குடுத்த சீடி இப்ப ஓட மாட்டேங்குது. உங்ககிட்ட இருக்குமில்ல?"

"இருக்கும்மா. தேடித் தரேன்" என்றார். பொய் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் மருந்துக்கடைப் பக்கம் போவதில்லை. எதிர்சாரியில் முகக்கவசத்தைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பார். தலைவலி மாத்திரை வாங்க அடுத்த தெருவுக்குப் போனார். அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். "தேடிட்டே இருக்கேம்மா" என்றார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவர் போனை எடுக்கவில்லை. அது அடித்து ஓய்வதை அவரும் அவர் மனைவியும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்கள்.

மனைவி எழுந்து ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பழைய குக்கர் பெட்டியை இறக்கினாள். குக்கர் அடுப்பில் இருக்கிறது, பெட்டியில் என்ன இருக்கும் என்று அவர் பார்த்தார். துண்டில் சுற்றிய டிஸ்க் ஒன்று இருந்தது.

"யாருது இது?"

"தங்கச்சி வீட்டுக்காரருது."

ஸ்டூடியோக்காரர் துண்டை விலக்கிப் பார்த்தார்.

"எதுக்கு நம்ம வீட்டுல?"

"ஒரு காப்பி வேற வீட்டுல இருக்கணுமாம். தீப்பிடிச்சாலும் திருட்டுப் போனாலும் தப்பிக்குமாம். மாசத்துக்கு ஒரு தடவை வந்து வாங்கிட்டுப் போயி, புதுசு ஏத்திட்டுக் குடுத்துடுவாரு. வேற யார நம்புவாரு? அக்கா வீடுன்னு நம்பிக் குடுத்தாரு."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"கடை போட்ட நாள்ல இருந்து."

அவருக்குச் சுருக்கென்றது. சகலையின் கடை நாசமாகப் போக வேண்டும் என்று இத்தனை வருஷமாக இந்தக் கூரைக்குக் கீழே படுத்துத்தான் கரித்துக் கொட்டியிருக்கிறார். தலைக்கு மேல் பரணில், அந்தக் கடையே துண்டைப் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்கியிருக்கிறது. மனைவி மேல் கோபம் வந்தது. சகலை மேல் வந்தது. குக்கர் பெட்டி மேல்கூட வந்தது.

"அவன் சரக்கு எனக்கு எதுக்கு?"

"அந்தப் பொண்ணு கல்யாணத்துல ரெண்டாவது கேமரா யாரு புடிச்சது?" என்றாள் மனைவி.

சின்னவர்தான் பிடித்தார். அந்தக் கல்யாணம் ஸ்டூடியோக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அன்றைக்குத்தான் சின்னவரை எல்லோர் முன்னாலும் ஏசினார். மேடை ஓரத்தில் நிற்க வேண்டியவர் திடீரென்று காணாமல் போய், மண்டபத்தின் பின்பக்கம் நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்த இடத்தில் நின்று எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். "மேடைய விட்டு எங்கடா போன?" என்று மைக்குப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. எடுத்ததைப் பார்க்காமலே, குப்பை, வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். "இத நான் வச்சுக்கட்டுமாண்ணே?" என்று சின்னவர் கேட்டபோது, "குப்பைய யாரு வேணா வச்சுக்கலாம்" என்றார். பிற்பாடு சின்னவர் கடை போட்டதும் அதையே, என் வேலையைத் திருடிக்கொண்டு போய்விட்டான் என்று தெருவெல்லாம் சொன்னார்.

"அதுல பூட்டு இருக்கு. அவருகிட்ட கேட்டாத்தான் திறக்கும்" என்றாள் மனைவி.

"அந்த ஆளு நம்பரே எங்கிட்ட இல்ல."

அவள் தன் போனில் நம்பரை அழுத்தி அவர் காதில் வைத்தாள்.

"சொல்லுங்கக்கா" என்றது சின்னவர் குரல்.

"நான்தான்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

ஸ்டூடியோக்காரர் கடனுக்கு வாங்கிய வார்த்தைகளைப் போல ஒவ்வொன்றாக விஷயத்தைச் சொன்னார். சின்னவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் போனை வைத்துவிடலாம், மனசும் ஆறியிருக்கும். சின்னவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, மொதல்ல ஒண்ணு. டிஸ்க்க அந்தக் கம்ப்யூட்டர்ல மாட்டாதீங்க, அதையும் பூட்டிடும். உங்க பொண்ணு ஆன்லைன் கிளாஸுக்கு வச்சிருக்கற லேப்டாப் கடைக்குப் போனதில்லையே? அதுல மாட்டுங்க."

"சரி. பாஸ்வேர்டு?"

"அது வந்து..." சின்னவர் இழுத்தார். "கோவிச்சுக்காதீங்க. நீளமா ஒரு வாக்கியமா வச்சா எவனாலயும் உடைக்க முடியாது. நமக்கு மறக்காததா இருக்கணும். அதான் அப்படி வச்சேன்."

"சொல்லு."

"மேடைய விட்டு எங்கடா போன. இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல இடம் விடாம அடிங்கண்ணே."

ஸ்டூடியோக்காரர் அடித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தன் வாயிலிருந்து வந்த வசவைத் தன் விரலாலேயே அடித்தார். முதல் தடவை தப்பு என்றது. காது சிவந்துபோய் மறுபடி அடித்தார். திறந்தது.

"வேலை முடிஞ்சதும் சொல்லுங்கண்ணே. பாஸ்வேர்ட மாத்திடணும். தப்பா நினைக்காதீங்க, யாருக்குச் சொன்னாலும் மாத்திடறது."

தப்பாகத்தான் நினைத்தார். ஆனாலும் சரி என்றார்.

உள்ளே சின்னவரின் கல்யாணங்கள் வரிசையாக இருந்தன. ஊரடங்கில் எடுத்த புதுசுகளைத் திறந்து பார்க்கக் கை துறுதுறுத்தது. ஒன்றைத் திறக்கவும் செய்தார். அரை நிமிஷம் பார்த்துவிட்டு, வெளிச்சம் சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெளிச்சம் ரொம்ப நன்றாக இருந்தது. மூடிவிட்டு லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக் கல்யாணத்தைத் தேடி எடுத்தார்.

அந்த மனிதர் மேடையில் என்ன பேசினார் என்பது ஸ்டூடியோக்காரருக்குத் தெரியும், முதல் கேமராவில் அவரே எடுத்தது. மைக்கை வாங்கினார், எச்சில் விழுங்கினார், "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார், கொடுத்துவிட்டு இறங்கினார். இரண்டாவது கேமராவில் மேடையே இல்லை. மண்டபத்தின் பின்பக்கம், அடுக்கிய நாற்காலிகளுக்கு முன்னால் லிஃப்ட் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். புதுச் செருப்பு கடித்திருக்க வேண்டும், கழற்றி ஓரமாக வைத்திருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, நாற்காலிகளைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். யாரு யாரையோ மேல ஏத்தி விட்டிருக்கேன். என் பொண்ணு மட்டும் படிக்கட்டுல ஏறித்தான் மேல வந்தா. ஒரு நாளும் கூட நின்னு கை குடுக்க முடியல, டூட்டி அப்படி. மூச்சு வாங்குதான்னுகூட நான் கேட்டதில்ல." அங்கே நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேணாம். இது வேணாம். மேடையில அழுதுருவேன்." மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி அதே இடத்தில் நின்றார். கேமரா அசையவே இல்லை. பக்கத்தில் போகவும் இல்லை. எடுக்கிறவன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தான் என்பது ஸ்டூடியோக்காரருக்குத் தெரிந்தது. கடைசியில் பின்னாலிருந்து ஸ்டூடியோக்காரருடைய குரலே கேட்டது: மேடைய விட்டு எங்கடா போன? படம் அதோடு அறுந்தது.

அவர் பொறாமைப்பட்டார். இத்தனை நாள் பட்டது போர்டுக்கும் செருப்புக்கும் லைக்குக்கும். இது வேறு. அன்றைக்கு அவர் அந்த நாற்காலிகளைத் தாண்டித்தான் கை கழுவப் போனார். அந்த மனிதர் அங்கே நின்றதை அவரும் பார்த்தார். எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியது. இதைத் துடைத்தெறிய எந்தப் பொத்தானும் கிடையாது என்று நினைத்தபோது நெஞ்சு நிஜமாகவே வலித்தது.

படத்தை மருந்துக்கடைப் பெண்ணுக்கு அனுப்பிவிட்டு மனைவி துணி மடிக்கிற அறையில் வந்து உட்கார்ந்தார். வெகு நேரம் போன் வரவில்லை. வந்தபோது அந்தப் பெண் அழுது முடித்த குரலில் இருந்தாள்.

"இது எனக்குத் தெரியவே தெரியாது அங்கிள். இவ்வளவு பேச வச்சிருந்தாரா எங்கப்பா?"

"ஆமாம்மா."

"அவருக்குத் தெரியாமலே, அவர தொந்தரவு பண்ணாம, எவ்வளவு பொறுமையா எடுத்திருக்கீங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல அங்கிள்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெண்ணுக்கு நஷ்டமில்லை. சின்னவருக்குத் தெரியப்போவதில்லை. அந்த வார்த்தை நாக்கு நுனிக்கே வந்து உட்கார்ந்திருந்தது. மனைவி மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"நான் மேடையில இருந்தேம்மா" என்றார். "அத எடுத்தது நான் இல்ல. என் சகலை."

"அப்படியா? அவருகிட்ட நான் ஒரு வார்த்தை பேசணுமே. என் தங்கச்சிக்கும் அடுத்து கல்யாணம் வருது. அவரு நம்பர் இருக்கா அங்கிள்?"

மனைவி எழுந்து தன் போனைத் தேடி எடுத்து, நம்பரைத் திரையில் வரவைத்து அவர் முன்னால் நீட்டினாள். ஸ்டூடியோக்காரர் அதைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எங்கும் தடுமாறாமல் பத்து எண்ணையும் சொன்னார். மனைவி திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எழுதிட்டியாம்மா? மறுபடி சொல்றேன்" என்று அவர் இன்னொரு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னார், அவள் ஒரு எண்ணைக்கூடத் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று. சொல்லி முடிக்கிற வரை வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.